கியர் போட்டா 'டொக்'குன்னு ஒரு சத்தம்: ஆட்டோமேட்டிக் பிக்கப் சொல்லும் இயந்திரவியல் பாடம்

பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லீவரை 'பி'யில இருந்து 'டி'க்கு இழுக்கிறீங்க. வண்டி இன்னும் ஓர் அங்குலம்கூட நகரலை. ஆனா சீட்டுக்கு அடியில எங்கேயோ 'டொக்'குன்னு ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டா அது கொஞ்சம் பலமா கேட்குது. சிக்னல்ல நின்னு மறுபடி கிளம்பும்போதும் ஒரு தட்டு. உடனே பக்கத்துல இருக்கிறவர் சொல்லுவார்: "கியர்பாக்ஸ் போச்சு மக்கா!"

போச்சா, இல்லையா? அதைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாமே நாம இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பாடத்துல படிச்சதுதான். இந்தக் கட்டுரையில அதை ஒண்ணா சேர்த்துப் பார்ப்போம்.

நம்ம குமரி மாவட்டத்துல, மண்டைக்காடு, குளச்சல், மணவாளக்குறிச்சி வட்டாரத்துல மீனும் வாழைக்குலையும் ஏத்திட்டு ஓடுற பிக்கப்புகள்ல பெரும்பாலானவை மேனுவல் கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் பிக்கப் இந்தியாவுல குறைவு. சொல்லும்படியா ரெண்டு இருக்கு. ஒண்ணு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ்: 1.9 லிட்டர் டீசல், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 6 வேக ஆட்டோமேட்டிக். இன்னொண்ணு 2022-ல இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ்: 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், அதுவும் 6 வேகம். வளைகுடா நாடுகள்ல டிரைவர் வேலை பார்க்கிற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஹைலக்ஸ் ரொம்பப் பழக்கமான பெயர். இந்த ரெண்டு வண்டிக்கும் அடிப்படை அமைப்பு ஒண்ணுதான்: முன்னால இன்ஜின், பின்னால திடமான ஆக்சில், நடுவுல நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். சத்தத்தின் கதை இந்த அமைப்புக்குள்ளதான் இருக்கு.

முதல்லயே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. சத்தம் எவ்வளவு பெரிசு என்பதும், ஆபத்து எவ்வளவு பெரிசு என்பதும் ஒண்ணு கிடையாது. பலமான 'டொக்' பல நேரம் ஒரு கிரீஸ் துப்பாக்கியோட முடிஞ்சிடும். காதுக்கு எட்டாத சின்ன ஆட்டம் ஒண்ணு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையே கழற்றி ரோட்டுல போடும். ஏன் அப்படின்னு கணக்குப் போட்டே காட்டலாம்.

விசை போகும் வழி

இன்ஜின்ல இருந்து சக்கரம் வரைக்கும் முறுக்குவிசை எந்தெந்தக் கையிலிருந்து எந்தெந்தக் கைக்கு மாறுதுன்னு வரிசையா பாருங்க.

இன்ஜின், அடுத்து டார்க் கன்வெர்ட்டர், அடுத்து கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற கிளட்ச் அடுக்குகளும் கிரக கியர் தொகுதிகளும். 4x4 வண்டின்னா அதுக்குப் பின்னால ட்ரான்ஸ்ஃபர் கேஸ். அப்புறம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். நாலு கதவு பிக்கப்புகள்ல இது பெரும்பாலும் ரெண்டு துண்டா, நடுவுல ஒரு சென்டர் பேரிங்கோட, மூணு யுனிவர்சல் ஜாயிண்ட்டோட இருக்கும். நம்ம மெக்கானிக்குகள் 'கிராஸ்'னு சொல்றது இந்த ஜாயிண்ட்டைத்தான். ஷாஃப்ட் நீளம் கூடிக் குறையறதுக்காக ஒரு ஸ்ப்ளைன் நழுவல் இணைப்பும் உண்டு. கடைசியா டிஃபரன்ஷியல், ஆக்சில் ஷாஃப்ட், சக்கரம்.

இதுல ஒவ்வொரு இணைப்பிலயும் ஒரு சின்ன இடைவெளி இருந்தே ஆகணும். ரெண்டு கியர் பல்லுக்கு நடுவுல இடைவெளியே இல்லைன்னா எண்ணெய் உள்ளே போகாது. சூடாகி உலோகம் விரிஞ்சா பல் இறுகிப் பிடிச்சிடும். 'மெஷின் டிசைன்' வகுப்புல பேக்லேஷ்னு படிச்சோமே, அதேதான். மெக்கானிக் மொழியில 'ப்ளே', நம்ம பேச்சுல 'ஆட்டம்'.

'என்'ல இருக்கும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு விசை எதுவும் போகலை. 'டி' போட்டதும் கியர்பாக்ஸ் உள்ளே ஒரு கிளட்ச் அடுக்கு எண்ணெய் அழுத்தத்தால மூடுது. விசை வருது. முதல்ல ஆட்டம் எல்லாம் ஒவ்வொண்ணா மூடணும். அதுக்கப்புறம்தான் சக்கரத்தைத் தள்ள முடியும். ஆட்டம் மூடி முடியற அந்தக் கணத்துல உலோகம் உலோகத்துல மோதுது. அதான் 'டொக்'. நின்ன இடத்துல நடக்கிற இந்த மாதிரி மாற்றத்துக்கு வாகனப் பொறியாளர்கள் 'கேரேஜ் ஷிஃப்ட்'னு பேர் வச்சிருக்காங்க.

'டி'யில இருந்து 'ஆர்'க்குப் போறப்ப சத்தம் ஏன் கூடுது? முன்பக்கம் ஒட்டியிருந்த பல்லெல்லாம் மொத்த ஆட்டத்தையும் கடந்து பின்பக்கம் போய் ஒட்டணும். மோதறதுக்கு முன்னாடி ஓடுற தூரம் அதிகம், அதனால மோதலும் அதிகம்.

ஆட்டத்தை அளந்து பார்ப்போம்

இப்போ கால்குலேட்டரை எடுங்க. கீழே வர்ற அளவுகள் ஒரு நடுத்தரப் பிக்கப்புக்குப் பொருந்துற மாதிரி நாம எடுத்துக்கிட்ட எடுத்துக்காட்டு அளவுகள். உங்க வண்டிக்கு அதோட சர்வீஸ் கையேட்டைத்தான் பார்க்கணும். டிஃபரன்ஷியல் விகிதத்தை 4-ன்னு வச்சுக்குவோம்.

கிரவுன் சக்கரத்துக்கும் பினியனுக்கும் நடுவுல ஆட்டம் 0.15 மி.மீ., கிரவுன் ஆரம் 100 மி.மீ. கோணம் = 0.15 ÷ 100 = 0.0015 ரேடியன். இது கிரவுன் பக்கத்துக் கோணம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருந்து பார்த்தா 4 மடங்கு: 0.006 ரேடியன், அதாவது சுமார் 0.34 டிகிரி.

டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள், ஆக்சில் ஸ்ப்ளைன் ரெண்டும் சேர்ந்து 0.2 மி.மீ., ஆரம் 25 மி.மீ. கோணம் 0.008 ரேடியன். 4-ஆல் பெருக்கினா 0.032, அதாவது 1.83 டிகிரி.

தேய்ஞ்ச கிராஸ் ஒண்ணுல 0.1 மி.மீ., ஆரம் 30 மி.மீ. கோணம் 0.0033 ரேடியன், 0.19 டிகிரி. மூணு கிராஸுக்கும் சேர்த்து 0.57 டிகிரி.

ஸ்ப்ளைன் நழுவல் இணைப்புல 0.1 மி.மீ., ஆரம் 18 மி.மீ. அது 0.32 டிகிரி.

கூட்டிப் பாருங்க: ஏறத்தாழ 3 டிகிரி.

இப்ப விசை. ஐடிலிங்ல, பிரேக் பிடிச்ச நிலையில டார்க் கன்வெர்ட்டர் 60 நியூட்டன் மீட்டர் கொடுக்குதுன்னு வைங்க. முதல் கியர் விகிதம் 3.5. ஷாஃப்ட்டுக்கு வர்றது 210 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையைக் கோணத்தால பெருக்கினா வேலை. 3 டிகிரி என்பது 0.0524 ரேடியன். 210 × 0.0524 = 11 ஜூல்.

11 ஜூல்னா எவ்வளவு? ஒரு கிலோ சுத்தியலை ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருந்து கீழே போடுங்க. அந்த அடிதான் வண்டிக்கு அடியில விழுது. இது மேல்வரம்பு, நிஜத்துல கியர்பாக்ஸ் கணினி எண்ணெய் அழுத்தத்தைப் படிப்படியா ஏத்தி, கிளட்ச்சை வழுக்கவிட்டு அடியை மெதுவாக்குது. நல்ல வண்டியில லேசான தட்டு மட்டும் கேட்கிறதுக்கு அதான் காரணம்.

இந்தக் கணக்குல ரெண்டு பாடம் இருக்கு.

முதல் பாடம்: சத்தத்துக்கு ரெண்டு கைப்பிடி உண்டு. ஒண்ணு ஆட்டம், இன்னொண்ணு விசை. ஆட்டம் அப்படியே இருந்து விசை மட்டும் கூடினாலும் சத்தம் கூடும். டார்க் கன்வெர்ட்டர் நின்ன நிலையில கொடுக்கிற முறுக்குவிசை, இன்ஜின் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஐடிலிங் 700-ல இருந்து 1000-க்கு ஏறினா, 1000/700-இன் வர்க்கம் 2.04. அடி ரெண்டு மடங்கு! காலையில இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போதும், ஏசி போட்டு ஐடிலிங் ஏறும்போதும் 'டொக்' பலமா கேட்டு, அப்புறம் அடங்கிப்போறது இதனாலதான். வண்டி எடுத்ததும் ஐடிலிங் இறங்குற வரை சில விநாடி பொறுத்துக் கியர் போட்டா பாதிச் சத்தம் அங்கேயே போயிடும்.

ரெண்டாவது பாடம்தான் முக்கியம். 3 டிகிரியில பெரும்பகுதி, அதாவது 2.17 டிகிரி, எங்கே இருந்து வருது? டிஃபரன்ஷியல்லயும் அதுக்குப் பின்னாலயும். அங்கே இருக்கிற சின்ன ஆட்டம் 4 மடங்காப் பெருகித் தெரியுது. அது பெரும்பாலும் இயல்பான ஆட்டம். ஆனா உண்மையில ஆபத்தான தேய்மானம் கிராஸ்ல இருக்கலாம். அதோட பங்கு ஒரு கிராஸுக்கு 0.19 டிகிரிதான். மொத்தச் சத்தத்துல பதினாறுல ஒரு பங்கு. காதை மட்டும் நம்பினா அது தப்பிச்சுப் போயிடும். அதனால சத்தம் 'எவ்வளவு'ன்னு கேட்காதீங்க. 'எப்போ'ன்னு கேளுங்க, அப்புறம் கையால தொட்டுப் பாருங்க.

எப்போ கேட்குது?

நின்ன நிலையில 'என்'ல இருந்து 'டி', 'டி'யில இருந்து 'ஆர்' மாத்தும்போது மட்டும்: மொத்த ஆட்டம், ஐடிலிங் வேகம், இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் மவுண்ட். மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருந்தா இன்ஜின் தொகுதியே சாய்ஞ்சு சேஸியில இடிக்கும். அது 'டொக்' என்பதைவிட 'தொம்'முன்னு கனமா கேட்கும், ஸ்டியரிங்கிலயும் உணரலாம்.

பிரேக் பிடிச்சு நின்ன ஒரு விநாடிக்கு அப்புறம், அல்லது மறுபடி கிளம்புற கணத்துல, யாரோ பின்னால இருந்து லேசா இடிச்ச மாதிரி: ஸ்ப்ளைன் நழுவல் இணைப்பு. பிரேக் பிடிக்கும்போது பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு ஆக்சில் இடம் மாறுது, ஷாஃப்ட் நீளம் மாறணும். கிரீஸ் காய்ஞ்சிருந்தா ஸ்ப்ளைன் உடனே நழுவாம ஒட்டிக்கிட்டு நின்னு, அப்புறம் திடீர்னு விடும். ஒட்டுதலும் வழுக்கலும் மாறி மாறி வர்ற இந்த நிகழ்வு உராய்வுப் பாடத்துல வரும். உலகம் முழுக்க பின்சக்கர இயக்கப் பிக்கப்புகள்ல ரொம்பப் பொதுவான குறை இது. கிரீஸ் போட்டா பெரும்பாலும் தீர்ந்திடும்.

ஓட்டத்துல ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது ஒவ்வொரு தடவையும்: கிராஸ் அல்லது டிஃபரன்ஷியல். கூடவே மெதுவான வேகத்துல 'கீச் கீச்'னு சக்கர வேகத்துக்கு ஏத்தபடி ஒரு ஒலி வந்தா, கிராஸ் உள்ளே ஊசி பேரிங் காய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். வேகம் ஏறும்போது தரை அதிர்ந்தா இன்னும் மோசம்.

திசை மாத்தினதுக்கு அப்புறம் முதல் தடவை பிரேக் தொடும்போது மட்டும் 'டிக்': பிரேக் பேட் தன் இருக்கையில இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகருது. கியருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ஓட்டத்துல ஒரு கியர்ல இருந்து அடுத்ததுக்குத் தானா மாறும்போது, ஆர்.பி.எம். முள் சட்டுனு மேலே துள்ளி, அப்புறம் இடியோட கியர் விழுது: இப்பத்தான் கியர்பாக்ஸ் உள்ளே பார்க்கணும். 'டி' போட்டு ரெண்டு மூணு விநாடி ஒண்ணுமே நடக்காம, அப்புறம் 'தடால்'னு பிடிச்சாலும் அப்படித்தான். எண்ணெய் குறைவு, பழைய எண்ணெய், அழுத்தம் குறைவு, சோலனாய்டு கோளாறு, தேய்ஞ்ச கிளட்ச், இதுல ஏதாவது ஒண்ணு. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சு வண்டி ஒரே கியர்ல நின்னா ஸ்கேனர் மாட்டிக் குறியீடு படிக்காம யாரும் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினதுக்கு அப்புறம் சில நாள் கியர் முரட்டுத்தனமா விழலாம். பல வண்டிகள்ல கணினி கத்துவச்சிருந்த கிளட்ச் அளவுகள் அழிஞ்சு, மறுபடி கத்துக்கிட்டு இருக்கும். அது நோய் இல்லை.

கடற்கரைக்கு மட்டும் சில விஷயங்கள்

ஒரே மாடல் வண்டி கோயம்புத்தூர்ல ஓடுறதுக்கும் மண்டைக்காடு புதூர்ல ஓடுறதுக்கும் வித்தியாசம் உண்டு. காரணம் ரெண்டு: உப்பும் மணலும்.

கடல் காத்து உப்பு ஈரத்தைக் கொண்டுவருது. மீன் ஏத்தின வண்டியில ஐஸ் உருகி உப்புத் தண்ணி வழிஞ்சு அடிப்பாகத்துல சொட்டுது. கிராஸ் முனையில இருக்கிற ரப்பர் சீல் லேசா கிழிஞ்சா போதும், தண்ணி உள்ளே போய் கிரீஸைக் கழுவி எடுத்திடும். ஊசி பேரிங் துருப்பிடிக்கும். கிராஸ் கப்பைச் சுத்திச் செம்பழுப்பு நிறத்துல பொடி படிஞ்சிருந்தா அது மண் இல்லை, உள்ளே அரைபட்ட துரு.

மணலோட கதை நம்ம ஊருக்கே சொந்தமானது. மணவாளக்குறிச்சியில இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணல்ல இருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் கனிமங்களைப் பிரிச்செடுக்குது. இதுல கார்னெட்டைக் கவனிங்க. கடினத்தன்மை மோஸ் அளவுகோல்ல 6.5 முதல் 7.5. உப்புத்தாள் செய்யவும், இரும்புல துருவை மணல் வீசி எடுக்கவும் உலகம் முழுக்கப் பயன்படற கனிமம். அந்த மணல்தான் நம்ம கடற்கரையில காலுக்கு அடியில கிடக்கு. சீல் கிழிஞ்ச கிராஸுக்குள்ள அது போனா, உள்ளே இருக்கிறது கிரீஸ் இல்லை, உப்புத்தாள் பசை. கையேட்டுல சொல்ற கிரீஸ் இடைவெளி எல்லா ஊருக்குமான பொது அளவு. கடின உபயோகத்துக்குக் குறைஞ்ச இடைவெளின்னு தனியா ஒரு பட்டியல் இருந்தா, கடற்கரை வண்டி அந்தப் பட்டியலைத்தான் பின்பற்றணும்.

மூணாவதா ஒரு பழக்கம். மணல்ல சிக்கினதும் '4 ஹெச்' போட்டு வெளியே வர்றாங்க. நல்லது, அதுக்குத்தான் அது இருக்கு. ஆனா தார் ரோட்டுக்கு வந்த அப்புறமும் மறந்து அப்படியே ஓட்டுறாங்க. ஹைலக்ஸ், வி-கிராஸ் ரெண்டுலயும் இருக்கிறது பகுதிநேர 4x4. நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் போகணும். மணல்ல டயர் வழுக்கிச் சமாளிச்சிடும். காய்ஞ்ச தார்ல வழுக்க முடியாம, வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்டுக்குள்ள முறுக்கா சேருது. ஸ்டியரிங் இறுகும், 'டொக் டொக்'குனு கேட்கும், '2 ஹெச்'சுக்கு மாத்த முயன்றா இடியோட விடும். சத்தத்தோட காரணம் ஒரு சுவிட்ச்சா இருக்கும்போது கியர்பாக்ஸைத் திட்டி என்ன பயன்?

'பி' எதைப் பிடிச்சு நிறுத்துது?

இப்போ உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வந்திருக்கோம். 'பி'யில போட்டா வண்டி எப்படி நிக்குது? சக்கரத்தை நேரா எதுவும் பிடிக்கலை. கியர்பாக்ஸ் வெளியீட்டு ஷாஃப்ட்டுல ஒரு பல்சக்கரம், அதோட பள்ளத்துல விழுற ஒரு சின்ன இரும்பு நாக்கு. அவ்வளவுதான். அந்தப் பிடி சக்கரத்துக்குப் போறது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ், டிஃபரன்ஷியல் வழியா.

அப்போ கிராஸ் உடைஞ்சா? இன்ஜின் விசை மட்டும் போகாது, 'பி'யின் பிடியும் போயிடும். சரிவுல நிறுத்தின ரெண்டு டன் வண்டி தானா உருளும். 4x4-ல ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரல்ல இருந்தாலும் இதே கதைதான். மாசிக் கொடை நாட்கள்ல பகவதி அம்மன் கோயிலைச் சுத்தி எவ்வளவு கூட்டம் நிக்கும்னு நமக்குத் தெரியும். அங்கே 'பி' ஒண்ணை மட்டும் நம்பி வண்டியை விட்டுட்டுப் போறது தப்பு.

சரிவுல வெறும் 'பி' போட்டுப் பிரேக்கை விட்டா, வண்டியோட முழுப் பாரமும் அந்த நாக்கு மேல சாயுது. திரும்ப எடுக்கும்போது 'டமார்'னு விடுது. பலர் கியர்பாக்ஸ் கோளாறுன்னு நினைக்கிற சத்தம் இது. சரியான வரிசை இது:

1. கால் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை நிறுத்துங்க.
2. 'என்'க்கு மாத்துங்க.
3. ஹேண்ட் பிரேக்கை முழுசா போடுங்க.
4. கால் பிரேக்கை மெதுவா விடுங்க. பாரம் ஹேண்ட் பிரேக்குல உட்காரட்டும்.
5. மறுபடி கால் பிரேக்கை மிதிச்சு 'பி' போடுங்க.

எடுக்கும்போது பிரேக்கை மிதிச்சு, முதல்ல 'பி'யில இருந்து லீவரை எடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை விடுங்க. இதைச் செய்தும் 'டமார்' கேட்டா ஹேண்ட் பிரேக் சரியாப் பிடிக்கலைன்னு அர்த்தம்.

சோதிக்கும் வரிசை

விலை குறைஞ்சதுல இருந்து விலை கூடினதுக்குப் போகணும். கியர்பாக்ஸைப் பிரிச்சுச் சேர்க்கிற செலவு லட்சத்துல போகலாம். கிரீஸுக்கு சில நூறு ரூபாய். வரிசை மாறினா பணம் போகும், குறை அப்படியே நிக்கும்.

ஒண்ணு: பின் தொட்டியைக் காலி பண்ணுங்க. ஜாக்கி, ஸ்பேர் டயர், மீன் பெட்டி, கயிறு கொக்கி எல்லாத்தையும் இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க. சிரிக்காதீங்க, இதுல தீர்ந்த வழக்குகள் உண்டு.

ரெண்டு: இன்ஜின் சூடான அப்புறம் ஐடிலிங் எவ்வளவு? கையேட்டு அளவோட ஒப்பிடுங்க.

மூணு: பானெட்டைத் திறந்து வச்சு, ஒருத்தர் கால் பிரேக்கை முழுசா மிதிச்சு, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, 'டி', 'ஆர்' மாத்தட்டும். இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு இன்ஜின் எவ்வளவு சாயுதுன்னு பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலயோ பின்னாலயோ யாரும் நிக்கவே கூடாது.

நாலு: சமதரை, இன்ஜின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்ல, நாலு டயருக்கும் கட்டை, கியர் 'என்'ல. ஜாக்கியில மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில போகாதீங்க; ஸ்டாண்ட் இல்லைன்னா பிட் இருக்கிற வொர்க்‌ஷாப்ல செய்யுங்க. ஷாஃப்ட்டைக் கையால திருப்பினா சில டிகிரி சுத்தும். அது மொத்த ஆட்டம், பயப்பட வேண்டாம். அடுத்து ஒவ்வொரு கிராஸுக்கும் ரெண்டு பக்கத்தையும் ரெண்டு கையால பிடிச்சு எதிரெதிரா முறுக்குங்க, மேலும் கீழும் தள்ளுங்க. இங்கே ஆட்டம் சுத்தமா இருக்கக் கூடாது. கையில ஆட்டம் உணர்ந்தாலே அந்தக் கிராஸை மாத்தணும், கிரீஸ் அதைக் காப்பாத்தாது.

அஞ்சு: கிரீஸ் நிப்பிள் இருக்கிற இடமெல்லாம் கையேடு சொன்ன கிரீஸ். கிராஸ்ல பழைய கிரீஸ் நாலு முனையிலயும் வெளியே வரணும். ஒரு முனையில வரலைன்னா அங்கே அடைப்பு. ஸ்ப்ளைன் இணைப்புல மட்டும் அளவோட நிறுத்துங்க, நிறைச்சு அடிச்சா நழுவ இடம் இல்லாம ஷாஃப்ட் இறுகும்.

ஆறு: பட்டை ஸ்பிரிங்கோட யு-போல்ட், ஷேக்கிள் புஷ், கியர்பாக்ஸ் மவுண்ட், சென்டர் பேரிங் ரப்பர். டிஃபரன்ஷியல் முன்பக்கம் எண்ணெய் கசிவு இருக்கா?

ஏழு: கியர்பாக்ஸ் எண்ணெய். பல புது கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் கிடையாது. குறிப்பிட்ட வெப்பநிலையில, அடியில இருக்கிற பிளக் வழியாத்தான் அளவு பார்க்கணும். கறுத்து, கருகின வாடை வந்தா கவலைப்படணும். கையேடு சொன்ன எண்ணெய்யைத் தவிர வேற எதையும் கலக்காதீங்க.

எட்டு: ஸ்கேனர். இவ்வளவுக்கும் அப்புறம்தான் கியர்பாக்ஸைக் கழற்றுற பேச்சு.

ஷாஃப்ட்டைக் கழற்றினா, கழற்றும் முன்னாடியே ஒவ்வொரு இணைப்புலயும் பெயின்ட்டால கோடு போட்டுக்கோங்க. கோணத்துல இருக்கிற யுனிவர்சல் ஜாயிண்ட் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஒண்ணோட ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு சமன் பண்ற மாதிரி அமைச்சிருப்பாங்க. ஸ்ப்ளைன்ல ஒரு பல் மாத்தி மாட்டினாலும் அந்தச் சமன் கெட்டு, 'டொக்' போய் அதிர்வு வந்து உட்காரும்.

போன்ல ஒரு சோதனை

இதை ஒரு மினி புராஜெக்டா செய்யலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கின ஃபைபாக்ஸ்னு ஒரு இலவசச் செயலி இருக்கு. போன்ல இருக்கிற முடுக்கமானியின் அளவுகளைப் பதிஞ்சு தரும். வண்டியின் தரையில, டிரைவர் சீட்டுக்குப் பின்னால, போனை இரட்டைப் பக்க டேப்பால அசையாம ஒட்டுங்க. கால் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு 'என்'-'டி' பத்து தடவை, 'டி'-'ஆர்' பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் உச்ச முடுக்கத்தைக் குறிச்சு, சராசரியும் திட்ட விலக்கமும் எடுங்க. அப்புறம் ஏசி போட்டு அதையே. கிரீஸ் போட்ட அப்புறம் அதையே.

விசையும் ஆட்டமும் சேர்ந்துதான் சத்தம்னு மேலே போட்ட கணக்கு சரின்னா, ஐடிலிங் ஏறும்போது எண்கள் கூடணும். கூடலைன்னா அது இன்னும் நல்லது. ஏன் கூடலைன்னு யோசிங்க. கணினி கிளட்ச் அழுத்தத்தை மாத்திச் சமாளிக்குதா? மோதுறதுக்குப் பதிலா மவுண்ட் ரப்பர் அடியை வாங்கிக்குதா? போனோட மாதிரியெடுப்பு வேகம் சில மில்லி விநாடியில முடியற அடியைப் பிடிக்கப் போதுமா? கடைசிக் கேள்விக்கு 'சிக்னல்ஸ்' பாடத்துல நைக்விஸ்ட் பதில் வச்சிருக்கார்.

ஒரு ஸ்லோ மோஷன் வீடியோவும் எடுங்க. நொடிக்கு 240 சட்டம்னா ஒரு சட்டத்துக்கு 4.17 மில்லி விநாடி. பிட்டுக்குள்ள ஸ்டாண்ட்ல போனை வச்சு, ஆள் வெளியே வந்துட்டு, கிராஸைப் பார்த்தபடி பதிவு பண்ணுங்க. கிராஸின் ரெண்டு கையும் ஒண்ணாத் திரும்புதா, ஒண்ணு முந்தி இன்னொண்ணு பிந்தியா? பிந்தினா, காது சொல்லாததைக் கண் சொல்லிடுச்சு.

எப்போ வண்டியை எடுக்கவே கூடாது

காலைக் குளிர்ல ஒரு லேசான தட்டு, 'டி'-'ஆர்' மாத்தும்போது ஒரு 'டொக்', வருஷக்கணக்கா ஒரே அளவுல இருந்தா ஓட்டலாம். அடுத்த சர்வீஸ்ல கிரீஸ் போடச் சொல்லுங்க. முந்தின மாசத்தைவிடச் சத்தம் கூடியிருந்தா இந்த வாரமே மேலே சொன்ன வரிசையில பாருங்க.

ஆனா கிராஸ்ல கைக்கு ஆட்டம் தெரியுது, கப்பைச் சுத்தித் துருப்பொடி இருக்கு, அல்லது வேகத்தோட சேர்ந்து அதிர்வு ஏறுதுன்னா, சத்தம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, பாரம் ஏத்தாதீங்க, சரிவுல நிறுத்தாதீங்க, கிராஸை மாத்தாம நெடுந்தூரம் போகாதீங்க. ஓட்டத்துல முன்பக்கக் கிராஸ் விட்டா ஷாஃப்ட்டின் முனை கீழே விழுந்து ரோட்டைக் குத்தும். உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ பிக்கப் இருந்தா, ஆட்டோமேட்டிக்கோ மேனுவலோ, இந்த ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி அந்த மூணு கிராஸையும் முறுக்கிப் பார்த்துச் சொல்லுங்க. ஷாஃப்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.